கட்டியில் கொலாஜன் கூடுகிறதா, குறைகிறதா? ஸ்லைடு ஒன்று சொல்கிறது, மெஷின் ஒன்று சொல்கிறது

பிப்பெட்

வணக்கம். மார்பகக் கட்டி மாதிரிகளையும், அதே நோயாளிகளிடம் கட்டிக்கு வெளியே எடுத்த திசுவையும் வைத்து இணைப்புத் திசுப் புரதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். புரதத் துண்டுகளை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முடிவுகள் வந்துவிட்டன. முதல் வகைக் கொலாஜன் (இணைப்புத் திசுவின் முக்கிய நார்ப் புரதம்) கட்டியில் குறைவு, வெளித் திசுவில் அதிகம் என்று காட்டுகிறது. ஆனால் அதே கட்டியின் ஸ்லைடில் கொலாஜனைச் சிவப்பாகக் காட்டும் பிக்ரோசிரியஸ் சாயம் போட்டால் எங்கு பார்த்தாலும் தடித்த நார்தான். படித்த கட்டுரைகளிலும் பாதி 'புற்றுசெல்கள் கொலாஜனை அரித்துக்கொண்டு போகின்றன' என்கின்றன. மீதி 'கட்டியில் கொலாஜன் குவிகிறது' என்கின்றன. எதை நம்புவது?

ஃபைப்ரோனெக்டின், டெனாசின்-சி என்ற வேறு இரண்டு இணைப்புத் திசுப் புரதங்கள் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கட்டியில் அதிகம்.

ஊதாச்சாயம்

தம்பி, இரண்டு கூற்றும் சரிதான், இரண்டும் வேறு வேறு கொலாஜனைப் பற்றியவை. அரிக்கப்படுவது முக்கியமாக நான்காம் வகை. அடித்தளச் சவ்வில் வலைபோல் பின்னிக் கிடப்பது. அதோடு லேமினின், நிடோஜன், பெர்லிகன் என்ற புரதங்களும் சேர்ந்து, குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் எபிதீலியச் செல்களுக்கும் கீழே உள்ள இணைப்புத் திசுவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பாக இருக்கும். செல்கள் அந்தத் தடுப்புக்குள்ளேயே இருக்கும்வரை 'இன் சிட்டு' என்று ரிப்போர்ட் எழுதுவோம். தாண்டிவிட்டால் 'ஊடுருவும் புற்று'. நோயாளியின் சிகிச்சையே மாறிவிடும் அளவுக்கு முக்கியமான கோடு அது.

குவிவது முதல் வகையும் மூன்றாம் வகையும். தாண்டிய செல்களைச் சுற்றி ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (இணைப்புத் திசுச் செல்கள்) போட்டுத் தள்ளும் நார் அது. டெஸ்மோபிளேசியா என்போம். கணையப் புற்றில் இது உச்சம். பல கட்டிகளில் புற்றுசெல்லைவிட நார்தான் அதிக இடத்தைப் பிடித்திருக்கும். மார்பகத்திலும் தாராளமாக உண்டு. கையால் தொட்டாலே கட்டி கல்லாகத் தெரிவது இதனால்தான்.

ஆகவே உன் ஸ்லைடை நம்பு. மெஷின் ஏன் எதிர்மாறாகச் சொல்கிறது என்பதை அந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நார்க்கற்றை

அந்த வேலைதான் என் பிழைப்பு, சொல்கிறேன். பிப்பெட், திசுவை எந்தக் கரைசலில் கரைத்தீர்கள்? வழக்கமான டிடர்ஜென்ட் பஃபரில் போட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்தீர்களா?

பிப்பெட்

ஆமாம் சார். எங்கள் ஆய்வகத்தில் எல்லாத் திசுவுக்கும் அதே முறைதான்.

நார்க்கற்றை

அப்படியானால் உங்கள் கொலாஜனில் பெரும்பங்கு குழாயின் அடியில் வண்டலாகக் கிடக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது. இந்தத் துறையில் வரும் முரணான முடிவுகளில் நிறைய இங்கேதான் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. செல்லுக்கு வெளியே வந்ததும் முனைகள் வெட்டப்பட்டு, மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி நாராகின்றன. பிறகு லைசில் ஆக்சிடேஸ் என்ற தாமிரம் தேவைப்படும் நொதி வந்து பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களைக் குறுக்குப் பிணைப்பால் கட்டிவிடுகிறது. கட்டியில் இந்த நொதிக் குடும்பம் அதிகமாக வேலை செய்கிறது. குறுக்குப் பிணைப்பு கூடக்கூட நார் கரையாது. அதாவது உங்கள் முறையில், எந்த மாதிரியில் கொலாஜன் முதிர்ந்து இறுகியிருக்கிறதோ அந்த மாதிரியில்தான் அது குறைவாகத் தெரியும். ஒப்பீடே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இரண்டாவது, எதை வைத்து அளவைச் சமப்படுத்தினீர்கள் என்பது. மொத்தப் புரதத்தின் பங்காகத்தான் கணக்கிட்டிருப்பீர்கள். வெளியே எடுத்த மார்பகத் திசுவில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கலாம்; செல் புரதம் சொற்பம், அதனால் இருக்கிற புரதத்தில் கொலாஜனின் பங்கு பெரிதாகத் தெரியும். கட்டியிலோ செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றின் புரதம் எல்லாம் சேர்ந்து கொலாஜனின் சதவீதத்தைக் கீழே தள்ளிவிடும். உண்மையான அளவு கூடியிருந்தாலும் சரி.

மூன்றாவது பலர் மறக்கிற ஒன்று. கொலாஜனில் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஏறக்குறைய பாதி ஹைட்ராக்சிபுரோலினாக மாறியிருக்கும். ஒவ்வொரு மாற்றமும் பெப்டைடின் (புரதத் துண்டின்) எடையில் ஏறக்குறைய 16 டால்டனைக் கூட்டும். மென்பொருளில் அந்த மாற்றத்தைத் தேடச் சொல்லாவிட்டால் கொலாஜன் பெப்டைடுகள் கண்முன்னே இருந்தும் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

ஆர்என்ஏ அளவை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். கொலாஜன் நீண்ட காலம் நிலைக்கும் புரதம். இன்றைய ஆர்என்ஏ இன்றைய உற்பத்தியைச் சொல்லும், திசுவில் சேர்ந்து கிடக்கும் இருப்பைச் சொல்லாது.

ஏன்எதற்கு

இவ்வளவும் அளவீட்டுச் சிக்கல். அடிப்படைக் கேள்வி ஒன்று கேட்கலாமா? புற்றுநோய் மரபணு மாற்றத்தால் வருவது. சுற்றியுள்ள நார் அதன் விளைவு. வீடு எரியும்போது புகையை அளந்துகொண்டிருப்பதுபோல் இருக்கிறது இந்த ஆராய்ச்சி.

நார்க்கற்றை

விளைவு மட்டும்தான் என்றால் நாரை மாற்றும்போது செல்லின் நடத்தை மாறக்கூடாது. மாறுகிறதே.

மினா பிஸ்ஸெல் குழு 1984இல் ஒன்று காட்டினார்கள். ரவுஸ் சார்கோமா வைரஸ் கோழிகளுக்குக் கட்டியை உண்டாக்கும். அதே வைரஸைக் கோழிக் கருவுக்குள் செலுத்தினால் வைரஸின் புற்று மரபணு செல்களில் வேலை செய்கிறது, ஆனாலும் கட்டி வரவில்லை. அந்தக் கருவின் செல்களைப் பிரித்து வளர்ப்புத் தட்டில் போட்டதும் அவை புற்றுசெல்லின் குணத்தைக் காட்டின. 1997இல் வலேரி வீவரும் பிஸ்ஸெலும் மற்றவர்களும் மார்பகப் புற்றுசெல்களை லேமினின் நிறைந்த முப்பரிமாணக் கூழில் வளர்த்து, பீட்டா-1 இன்டெக்ரினை ஓர் எதிர்ப்பொருளால் அடைத்தார்கள். இன்டெக்ரின் என்பது செல் தன் சுற்றுப்புறத்தைப் பிடித்திருக்கும் கை. ஒழுங்கற்று வளர்ந்த செல்கள் சாதாரணச் செல்கள்போல் உருண்டையாக அடுக்கி, வளர்வதை நிறுத்தின. மரபணு மாற்றங்கள் அப்படியே இருந்தன.

மரபணு மாற்றம் வேண்டாத சங்கதி என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன்.

விசைமானி

நான் உயிரியல் ஆள் இல்லை, பொருள்களின் இறுக்கத்தை அளப்பவன். ஏன்எதற்கு அவர்களுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு சங்கதி. 2005இல் வந்த அளவீட்டில் எலியின் சாதாரண மார்பகச் சுரப்பியின் மீள்விறைப்பு ஏறக்குறைய 170 பாஸ்கல், கட்டியில் ஏறக்குறைய 4000 பாஸ்கல். இருபது மடங்குக்கு மேல். செல்களை இந்த இரண்டு இறுக்கத்திலும் உள்ள கூழில் வளர்த்தால், இறுகிய கூழில் செல்கள் வரிசை குலைந்து அதிகம் பெருகுகின்றன. வேதிப்பொருள் எதையும் மாற்றாமல் இறுக்கத்தை மட்டும் மாற்றியதற்கே இது.

2009இல் எலிகளில் அடுத்த படி. லைசில் ஆக்சிடேஸைத் தடுத்தபோது நார் இறுகுவது குறைந்து கட்டி வளர்ச்சியும் தணிந்தது. குறுக்குப் பிணைப்பைச் செயற்கையாகக் கூட்டியபோது, ஏற்கெனவே புற்று மரபணு ஏற்றப்பட்ட செல்கள் ஊடுருவத் தொடங்கின. புற்று மரபணு இல்லாத செல்கள் அப்படிச் செய்யவில்லை. உங்கள் கேள்விக்கும் நார்க்கற்றை சாரின் பதிலுக்கும் இந்தச் சோதனை இரண்டு பக்கமும் நியாயம் சொல்கிறது.

இன்னொன்று, நாரின் அளவைவிட அதன் திசை எனக்குச் சுவாரசியம். சாதாரணத் திசுவில் கொலாஜன் சுருண்டு தளர்ந்து கிடக்கும். கட்டி வளரும்போது எல்லையை ஒட்டி நீட்டிப் பிடித்ததுபோல் நேராகும். பிறகு சில இடங்களில் எல்லைக்குச் செங்குத்தாக வெளிநோக்கி நிற்கும். செல்கள் அந்த நார்களைப் பற்றிக்கொண்டே வெளியேறுவதை நேரடியாகப் படம்பிடித்திருக்கிறார்கள். இந்தச் செங்குத்து அமைப்பு இருந்த மார்பகப் புற்று நோயாளிகளுக்கு விளைவு மோசமாக இருந்ததென்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. இதை எந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் காட்டாது. அரைத்துக் கரைத்தபின் திசை எங்கே இருக்கும்?

கேட்பவர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார், அதனால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொலாஜன் பவுடர் சாப்பிட்டால் அது கட்டிக்குப் போய்ச் சேருமா? முன்பு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊதாச்சாயம்

பயப்பட வேண்டாம் அம்மா/ஐயா. வாயால் சாப்பிடும் கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சின்னத் துண்டுகளாகவும் உடைந்துதான் இரத்தத்துக்குப் போகும். அது முழு நாராகப் போய்க் கட்டியில் ஒட்டிக்கொள்ளாது. கட்டியின் நார் அங்கேயே உள்ள செல்கள் செய்வது. எவ்வளவு செய்வது என்பதை டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகள் தீர்மானிக்கின்றன. ஆனால் சிகிச்சை நடக்கும்போது எந்தப் பவுடரையும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்க வேண்டாம். அவர் எடுத்ததையும் சொல்லிவிடுங்கள்.

கேட்பவர்

நன்றி மேடம். மனசு கொஞ்சம் லேசானது.

பிப்பெட்

நார்க்கற்றை சார், ஃபைப்ரோனெக்டினும் டெனாசினும் மட்டும் ஏன் தெளிவாகக் காட்டுகின்றன? அவையும் செல்லுக்கு வெளியே உள்ள மேட்ரிக்ஸின் புரதம்தானே?

நார்க்கற்றை

டெனாசின்-சி எளிது. கருவில் நிறைய இருக்கும், வளர்ந்த உடலில் தசைநாண் போன்ற சில இடங்கள் தவிர ஏறக்குறைய காணாமல் போகும். காயம் பட்டால் திரும்பி வரும், ஆறியதும் மறையும். கட்டியில் வந்தால் போகாது. ஒப்பீட்டுக்கு எடுத்த திசுவில் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் எந்த முறையில் அளந்தாலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஃபைப்ரோனெக்டினில் எச்சரிக்கை தேவை. கல்லீரல் செய்து இரத்தத்தில் விடும் ஃபைப்ரோனெக்டின் ஒன்று இருக்கிறது. கட்டியின் இரத்தக் குழாய்கள் கசியும். மொத்த அளவு கூடியது கசிவாலும் இருக்கலாம். ஒரே மரபணுவிலிருந்து வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டிப் பல வடிவங்கள் வருகின்றன. அவற்றில் ஈடிஏ, ஈடிபி என்ற இரண்டு கூடுதல் பகுதிகள் இரத்த வடிவத்தில் கிடையாது. ஈடிபி 91 அமினோ அமில நீளம். மனிதனிலும் எலியிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் அப்படியே இருக்கிறது. வளர்ந்தவரின் ஆரோக்கியத் திசுக்களில் அபூர்வம், கருவிலும் கட்டியின் புதிய இரத்தக் குழாய்களைச் சுற்றியும் நிறைய. அதனால்தான் அதைப் பிடிக்கும் எல்19 என்ற எதிர்ப்பொருளில் மருந்தையும் கதிரியக்க அயோடினையும் ஏற்றிக் கட்டிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உங்கள் பெப்டைடுகளில் ஈடிபி பகுதிக்கு உரியவை இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அது கசிவு இல்லை.

1986இல் ஹரால்ட் டுவோராக், கட்டிகள் ஆறாத காயங்கள் என்று எழுதினார். மேட்ரிக்ஸ் பட்டியலைப் பார்க்கும்போது அது எவ்வளவு சரி என்று புரியும். கட்டியில் மட்டுமே இருக்கும் புதுப் புரதம் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. கருவிலோ காயத்திலோ ஆரோக்கியமான உடலே பயன்படுத்தியவைதான் எல்லாம். சரியான நேரத்தில் நிறுத்தப்படுவதில்லை, அவ்வளவுதான்.

ஊதாச்சாயம்

குறைகிற புரதங்களையும் பார் தம்பி. எல்லோரும் கூடுவதையே பார்க்கிறார்கள். டெகோரின் என்ற சிறிய புரதம் கொலாஜன் நார்களின் தடிமனை ஒழுங்குபடுத்துகிறது, டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடித்துவைக்கிறது. பல கட்டிகளில் அது குறைந்துபோகிறது. மார்பகக் குழாய்களைச் சுற்றியுள்ள மயோ எபிதீலியச் செல்கள் செய்யும் லேமினின்-111உம் அப்படித்தான். கட்டியிலிருந்து எடுத்த மயோ எபிதீலியச் செல்கள் அதைச் செய்யாததால் பக்கத்துச் செல்களுக்கு மேல் எது, கீழ் எது என்ற திசையே தெரியாமல் போகிறது.

எலாஸ்டினை விட்டுவிடாதே. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகக் கட்டிகளில் எலாஸ்டின் கொத்துக்கொத்தாகச் சேர்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம்.

ஏன்எதற்கு

சரி, ஒப்புக்கொள்கிறேன், நார் வெறும் வேடிக்கை பார்ப்பதில்லை. அப்புறம் ஏன் இன்னும் அதைக் கரைக்கும் மருந்து கைக்கு வரவில்லை? நாரை அழித்தால் வேலை முடிந்ததல்லவா?

நார்க்கற்றை

முயன்றார்கள். கதை கசப்பானது.

முதலில் எதிர்த்திசையில் முயன்றார்கள். மேட்ரிக்ஸை வெட்டும் எம்எம்பி நொதிகளைத் தடுத்தால் ஊடுருவல் நிற்கும் என்று மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் 1990களில் பெரிய சோதனைகளுக்குப் போயின. ஆயுள் கூடவில்லை, மூட்டு வலியும் தசை வலியும் மிச்சம். இந்த நொதிகள் இருபதுக்கும் மேல், எல்லாமே வில்லன் இல்லை. எம்எம்பி-8 இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகம் வந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து நாரைக் குறைக்கும் முயற்சி. கணையக் கட்டியில் நார் செய்யும் செல்களைத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுத்தபோது எலியில் நார் தளர்ந்து மருந்து உள்ளே போனது, 2009இல். பெரிய நம்பிக்கை. மனிதர்களில் அந்தச் சோதனை 2012இல் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்கள் நிலை மோசமாக இருந்தது. லைசில் ஆக்சிடேஸ் குடும்பத்தின் ஒரு நொதிக்கு எதிரான சிம்டுசுமாப் என்ற மருந்தும் பலன் தரவில்லை. புரதம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: மேட்ரிக்ஸில் உள்ள ஹயலூரோனன் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் கரைக்கும் நொதி மருந்தும் 2019இல் மூன்றாம் கட்டத்தில் தோற்றது.

2014இல் இரண்டு குழுக்கள் காரணத்தைத் தொட்டன. கணையப் புற்று எலிகளில் நார் செய்யும் செல்களை ஒழித்தார்கள், அல்லது அவை உருவாகாமல் தடுத்தார்கள். கட்டி அடங்கவில்லை, இன்னும் மூர்க்கமானது. 2021இல் அந்தச் செல்களை விட்டுவிட்டு அவை செய்யும் முதல் வகைக் கொலாஜனை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் நோய் வேகமெடுத்தது.

ஏன்எதற்கு

அப்படியென்றால் கொலாஜன் காவலாளி. இவ்வளவு நேரம் நீங்கள் அதைக் குற்றவாளி என்றீர்கள்.

விசைமானி

நானும் கேட்க நினைத்தேன். 2009இல் இறுகிய நார் கெடுதல், 2021இல் நாரே இல்லாமல் போனது கெடுதல். உறுப்பு வேறு என்பதால் மட்டுமா?

நார்க்கற்றை

உறுப்பு வேறு என்பது ஒரு பகுதி. இறுக்கத்தைக் குறைப்பதும் நாரையே ஒழிப்பதும் ஒன்றல்ல என்பது இன்னொரு பகுதி. மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: எந்தச் செல் செய்த கொலாஜன் என்பது.

சாதாரண முதல் வகைக் கொலாஜனில் இரண்டு ஆல்ஃபா-1 இழை, ஒரு ஆல்ஃபா-2 இழை. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் செய்வது இதுதான். சில புற்றுசெல்களில் ஆல்ஃபா-2 மரபணு அணைந்துகிடக்கிறது. அவை மூன்று ஆல்ஃபா-1 இழைகளைக் கொண்டே கயிறு முறுக்குகின்றன. இந்த வடிவத்தை எம்எம்பி நொதிகள் எளிதில் வெட்ட முடியாது என்பது 2010இலேயே தெரியும். 2022இல் கணையப் புற்று எலிகளில், புற்றுசெல் செய்யும் இந்த மூன்று ஆல்ஃபா-1 வடிவத்தை நீக்கினார்கள். எலிகள் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தன. 2021 சோதனையின் அதே ஆய்வகம்தான் இதையும் செய்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் செய்ததை நீக்கினால் கெடுதல், புற்றுசெல் செய்ததை நீக்கினால் நன்மை. ஸ்லைடில் இரண்டும் ஒரே சிவப்பு.

ஊதாச்சாயம்

கடைசி வரி எங்கள் ஆட்களுக்கு விழுந்த குட்டு. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கணையத்தில் பார்த்ததை அப்படியே மார்பகத்துக்கு நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

நார்க்கற்றை

நியாயம். அதனால்தான் இந்தப் பையனின் மாதிரிகள் மேல் எனக்கு ஆசை. பிப்பெட், வண்டலைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

பிப்பெட்

இல்லை சார், மைனஸ் 80இல் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

நார்க்கற்றை

யூரியாவில் கரைத்து, சல்ஃபர் பிணைப்புகளை உடைத்து, சர்க்கரையை நீக்கும் நொதி போட்டு, பிறகு புரதத்தை வெட்டும் டிரிப்சின். அதிலும் கரையாத மிச்சத்துக்கு சயனோஜன் புரோமைடு. அது விஷம், ஃபியூம் ஹுட்டுக்கு வெளியே திறக்கவே வேண்டாம். ஒரு சிறு துண்டை எடுத்து அமிலத்தில் முழுக்க வேகவைத்து ஹைட்ராக்சிபுரோலின் அளவையும் பாருங்கள். அது கரைந்ததா இல்லையா என்ற வழக்கே இல்லாத மொத்தக் கணக்கு. ஈரத்திசு எடைக்கும் டிஎன்ஏ அளவுக்கும் தனித்தனியாகப் பங்கிட்டுப் பாருங்கள்.

பிறகு ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 பெப்டைடுகளின் விகிதம். இரண்டும் மெஷினில் ஒரே அளவு பிரகாசமாகத் தெரியாது, ஆகவே எண் சரியாக இரண்டுக்கு ஒன்று என்று வரும் என எதிர்பார்க்காதீர்கள். கட்டியிலும் வெளித் திசுவிலும் விகிதம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. வேறு வகைக் கொலாஜனிலும் வரக்கூடிய பொதுப் பெப்டைடுகளை முதலில் நீக்கிவிடுங்கள்.

ஊதாச்சாயம்

வெளித் திசு என்று எதை எடுத்தீர்கள்? கட்டியின் ஓரத்தை ஒட்டியா?

பிப்பெட்

பெரும்பாலும் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி மேடம். எவ்வளவு தூரம் என்று எல்லா மாதிரிக்கும் குறிப்பு இல்லை.

ஊதாச்சாயம்

அப்படியானால் அதை 'ஆரோக்கியத் திசு' என்று கட்டுரையில் எழுதாதே. கட்டியின் சமிக்ஞை அங்கேயும் எட்டியிருக்கும், நார் அங்கேயே மாறத் தொடங்கியிருக்கலாம். 'கட்டியை அடுத்த திசு' என்று எழுது. முடிந்தால் புற்று இல்லாத காரணங்களுக்காக அகற்றப்பட்ட மார்பகத் திசு சிலவற்றை, உரிய அனுமதியோடு, மூன்றாவது குழுவாகச் சேர்.

விசைமானி

பாரஃபின் துண்டுகள் மிச்சம் இருந்தால் சாயம் போடாமல் இரண்டிரண்டு எனக்காக ஒதுக்கி வையுங்கள். இரண்டாம் ஒத்திசை நுண்ணோக்கியில் கொலாஜன் தானே ஒளிரும், சாயமே வேண்டாம். நார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள்.

பிப்பெட்

அனுப்பிவிட்டேன் சார். கையேட்டில் ஹைட்ராக்சிபுரோலின் முறை இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஈடிபி பெப்டைடு இப்போதே பழைய தரவில் தேடிப் பார்த்தேன்: கட்டிகளில் இருக்கிறது, அடுத்த திசுவில் இரண்டு மாதிரிகளில் மட்டும் மங்கலாக.

ஊதாச்சாயம்

அந்த இரண்டும் எவ்வளவு தூரத்தில் வெட்டியவை என்று முதலில் கண்டுபிடி.